மெல்பர்ன் பப்புகளுக்குள் பாட்டு வந்த கதை

மெல்பர்னுக்கு வந்த புதிதில், உடன் வேலை பார்த்தவர் ஒருவர், "வெள்ளிக்கிழமை ராத்திரி கார்னர் ஹோட்டலில் ஒரு பேண்ட் வாசிக்கிறது, வருகிறாயா?" என்று கேட்டார். நமக்கு ஹோட்டல் என்றால் சாப்பிடும் இடம். மிஞ்சிப்போனால் தங்கும் விடுதி. ரிச்மண்ட் ரயில் நிலையத்தில் இறங்கி ஸ்வான் தெருவுக்கு வந்து பார்த்தால் அது இரண்டும் இல்லை. முன்பக்கம் பீர் கிளாஸும் கையுமாக ஒரு கூட்டம். அதைத் தாண்டி உள்ளே போனால் இருட்டான பெரிய அறை. தரை காலணியைப் பிடித்து இழுத்தது, அத்தனை வருடம் சிந்திய பீர். பேஸ் கிடாரின் முதல் அடி நேராக நெஞ்சுக்கூட்டில் வந்து விழுந்தது. அன்றைக்குப் பிடித்த பிடிப்பு இன்னும் என்னை விடவில்லை.

அப்புறம் இந்த ஊர்ப் பப்புகளைத் தேடிப் போக ஆரம்பித்தேன். வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒவ்வொருவரும் ஒரு பப்பின் பெயரைச் சொல்வார்கள், அங்கே யார் வாசித்துக் கேட்டோம் என்று கண் மின்னச் சொல்வார்கள், கடைசியில் "இப்போது அது இல்லை" என்று முடிப்பார்கள். ஏன் இல்லை என்று கேட்டால் காலம் மாறிவிட்டது என்பார்கள். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. தேடிப் படித்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: இந்த நகரத்துப் பப்புகளுக்குள் பாட்டு வந்து சேர வழி செய்தது மதுச் சட்டம். அதை வெளியே தள்ளப் பார்த்ததும் சட்டம். இப்போது மிச்சமிருப்பதைக் காத்து நிற்பதும் ஒரு சட்டத் திருத்தம். கலைஞர்களின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. திறமை எல்லா ஊரிலும் பிறக்கிறது. ஆனால் அது வாரத்துக்கு நான்கு ராத்திரி சனங்கள் முன்னால் வாசித்துப் பழக ஓர் அறை வேண்டும். மெல்பர்னுக்கு அந்த அறைகள் எங்கிருந்து கிடைத்தன என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் அந்த ஹோட்டல் என்ற பெயர். ஆஸ்திரேலியாவில் பழைய பப்புகள் எல்லாமே ஹோட்டல்கள்தான். மது விற்க உரிமம் வேண்டுமென்றால் வழிப்போக்கர் தங்க அறைகளும் வைத்திருக்க வேண்டும் என்பது பழைய உரிமச் சட்டங்களின் நிபந்தனை. அதனால் ஒரு சின்னத் தொழிலாளர் தெருவின் முனையில்கூட இரண்டு மாடிக் கட்டிடம் எழுந்தது. கீழே முன்பக்கம் குடிக்கும் இடம், பின்னால் சாப்பாட்டுக் கூடம், ஓய்வுக் கூடம், மேலே படுக்கையறைகள். கொஞ்சம் வசதியான பேட்டைகளில் நடனக் கூடமும் சேர்ந்துகொண்டது. தங்க வந்தவர்கள் நாளடைவில் குறைந்தார்கள். பெயரும் கட்டிடமும் நின்றுவிட்டன. பாட்டுக்குத் தேவைப்பட்ட கூடங்கள் பாட்டு வருவதற்கு முன்பே தயாராக இருந்தன.

ஆனால் அந்தக் கூடங்கள் அரை நூற்றாண்டு இரவில் மூடிக் கிடந்தன. முதல் உலகப் போர் நடந்த 1916இல், மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் பப்புகளை மாலை 6 மணிக்கே மூட வேண்டும் என்று ஆணை வந்தது. மதுவிலக்கு இயக்கம் பல வருடமாகக் கேட்டுவந்த விஷயம் அது. போர்க்காலச் சிக்கனம் என்ற காரணம் அதற்குக் கை கொடுத்தது. போர் முடிந்ததும் எடுத்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். தற்காலிக ஏற்பாடு நிரந்தரமாகிவிட்டது.

குடியைக் குறைக்க வந்த சட்டம் குடியை ஒரு மணி நேரத்துக்குள் அடைத்தது. தொழிற்சாலையில் 5 மணிக்குச் சங்கு ஊதும். 6 மணிக்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. ஆண்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்று, ஒன்றன் பின் ஒன்றாகப் பீரை ஊற்றிக்கொள்வார்கள். இதை ஆறு மணி 'ஸ்வில்' என்பார்கள். பன்றித் தொட்டியில் கொட்டும் கழுநீருக்கும் அதே சொல்தான். பப்பின் உருவமும் இதற்கேற்ப மாறியது. மேசை நாற்காலிகளை எடுத்தார்கள், பில்லியர்ட்ஸ் மேசை போயிற்று, கவுன்டரை நீட்டினார்கள். குழாயை இழுத்துக்கொண்டு போய் நிற்கிற இடத்திலேயே கிளாஸை நிரப்பினார்கள். கழுவ வசதியாகச் சுவரில் பீங்கான் ஓடு பதித்தார்கள். இன்றைக்கும் பழைய பப்புகளின் சுவரில் இடுப்பளவுக்கு மேல் பச்சையும் பழுப்புமாக ஓடு பதித்திருப்பதைப் பார்க்கலாம். பலர் அதை அழகு என்று படம் எடுக்கிறார்கள். அந்தச் சுவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஒரு மணி நேர நெரிசல்தான் நினைவுக்கு வருகிறது. அங்கே உட்கார இடமில்லை, பேச நேரமில்லை. பாட்டுக்கு எங்கே போவது?

அந்தக் காலப் பப்பில் பெண்களுக்கும் இடமில்லை. பொது பாரில் அவர்களுக்கு ஊற்ற மாட்டார்கள். பின்னால் 'லேடீஸ் லவுஞ்ச்' என்று தனி அறை. 1965இல் பிரிஸ்பேனின் ரெகாட்டா ஹோட்டலில் இரண்டு பெண்கள் பார் கவுன்டரின் அடிக்கம்பியில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு உட்கார்ந்தது, இதை எதிர்த்துத்தான். பிற்காலத்தில் கிறிஸி ஆம்ஃப்லெட் போன்ற ஒரு பாடகி பள்ளிச் சீருடையில் மேடை ஏறி, குடித்துவிட்டுக் கத்திய ஆண் கூட்டத்தைத் தன் குரலால் அடக்கி நிறுத்தியதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். 2015இல் மெல்பர்ன் நகர நடுவே ஒரு சந்துக்கு ஆம்ஃப்லெட் லேன் என்று பெயர் வைத்தார்கள்.

சிட்னி 1955இல் 10 மணிக்கு மாறியது. மெல்பர்ன் இன்னும் பொறுத்திருந்தது. 1956இல், அந்த வருட ஒலிம்பிக்ஸுக்குச் சில மாதம் முன்னால், விக்டோரியாவில் இதற்கென ஒரு வாக்கெடுப்பு நடந்தது. 10 மணி வேண்டாம் என்றே பெரும்பான்மை மக்கள் சொன்னார்கள். உலகம் முழுவதும் இருந்து விருந்தாளிகள் வந்த நகரத்தில் பப்புகள் 6 மணிக்குச் சாத்தப்பட்டன. அந்த விதி போய்ச் சேர்ந்தது 1966 பிப்ரவரியில்தான்.

இந்தத் தாமதத்தால் ஒரு நன்மையும் உண்டானது என்று நினைக்கிறேன். 1960களில் இளைஞர்கள் பாட்டுக் கேட்க மது இல்லாத நடனக் கூடங்களுக்குப் போனார்கள். மாதா கோயில் மண்டபங்கள், ஊர்ப் பொது மண்டபங்கள், நகர நடுவே தம்பிங் டம், பெர்ட்டீஸ் போன்ற டிஸ்கோ கூடங்கள். அங்கே காப்பியும் குளிர்பானமும்தான். குடிக்க வராத கூட்டம் என்பதால் பாட்டுதான் சரக்கு. அந்தக் கூடங்களில் ஏராளமான பேண்டுகள் பழகித் தேறின. அவர்களும் கேட்டவர்களும் வயதுக்கு வந்தபோது, 10 மணி வரை திறந்திருக்கும் பப்புகளின் பெரிய கூடங்கள் காலியாக, வாடிக்கையாளரைத் தேடிக் காத்திருந்தன. இரண்டும் சேர்ந்தன.

பப் நடத்துபவரின் கணக்கு எளிமையானது. முன்பு ஒரு மணி நேரத்தில் நடந்த வியாபாரம் இப்போது ஐந்து மணி நேரத்துக்குப் பரவிவிட்டது. 7 மணிக்குக் கிளம்புகிறவனை 10 மணி வரை உட்கார வைக்க ஏதாவது வேண்டும். பின் கூடத்தைப் பேண்டுக்குக் கொடுத்தால் செலவு குறைவு. வாசலில் வசூலாவது பேண்டுக்கு, பாரில் விற்பது பப்புக்கு என்று பங்கு பிரித்துக்கொள்ளலாம். ஒரு பேண்டுக்கு வாரா வாரம் ஒரே கிழமையைக் கொடுத்துவிடும் வழக்கமும் வந்தது. இதை ரெசிடென்சி என்பார்கள். அந்த வழக்கத்துக்கு நான் மிகப் பெரிய மதிப்பு வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை இருபது பேர் முன்னால் வாசிப்பார்கள். தேறினால் அடுத்த மாதம் ஐம்பது பேர். பாட்டு ஓடவில்லையென்றால் அடுத்த வாரத்துக்குள் மாற்றி எழுதிக்கொண்டு வரலாம். தோற்பதற்கு அவர்களுக்கு இடம் இருந்தது. இன்றைக்கு இளம் கலைஞர்களுக்குக் கிடைக்காதது அதுதான்.

அப்புறம் நகர விளிம்பின் பெரிய பப்புகள். போருக்குப் பின் மெல்பர்ன் கிழக்கிலும் வடக்கிலும் பரவியபோது, கார் நிறுத்த மைதானம் போன்ற இடத்தோடு பிரம்மாண்டமான குடிக் கூடங்கள் வந்தன. 'பீர் பார்ன்' என்பார்கள், அதாவது பீர்க் களஞ்சியம். சாட்ஸ்டனில் மேத்யூ ஃபிளிண்டர்ஸ், தார்ன்பரியில் குரோக்ஸ்டன் பார்க். நூற்றுக்கணக்கில் கூட்டம், பாதிப் பேர் மேடையைப் பார்க்காமல் குடித்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் கூட்டத்தைத் திரும்பிப் பார்க்க வைக்க பேண்டுக்கு இருந்த ஒரே ஆயுதம் சத்தம். ஆஸ்திரேலியப் பப் ராக் என்று உலகம் இன்று சொல்லும் இசையின் குணங்களை எடுத்துப் பாருங்கள்: ரிஃப் எனப்படும், திரும்பத் திரும்ப வரும் பளிச்சென்ற கிடார் துணுக்கு, சுற்றி வளைக்காத தாளம், கூடச் சேர்ந்து கத்தும்படியான பல்லவி. குடித்திருப்பவனுக்கும் எட்ட வேண்டும், தூரத்தில் பாரில் நிற்பவனுக்கும் எட்ட வேண்டும். அந்த இசையை அந்த அறைதான் செதுக்கியது. பில்லி தார்ப்பும் அஸ்டெக்ஸ் பேண்டும் மெல்பர்னில் இந்தச் சத்தத்துக்கு வழி போட்டவர்கள். 1972 ஜனவரியில் நகருக்கு வெளியே சன்பரியில் நடந்த திறந்தவெளி விழாவில் அவர்கள் வாசித்தது இன்றும் பேசப்படுகிறது.

அதே 1972இல் மைக்கேல் குடின்ஸ்கி மஷ்ரூம் ரெக்கார்ட்ஸைத் தொடங்கினார். பேண்டுகளைப் பப்புகளுக்கு ஏற்பாடு செய்து அனுப்பும் முகமையும் அவர் கையில் இருந்தது. இசைத்தட்டும் மேடையும் ஒரே ஊரில், ஒரே வட்டத்தில் அமைந்துவிட்டன. ஸ்கைஹுக்ஸ் பேண்ட் 1974இல் மெல்பர்னின் பேட்டைப் பெயர்களையே பாட்டில் வைத்துப் பாடியபோது, தங்கள் தெருப் பெயரை வானொலியில் முதல்முறை கேட்ட இளைஞர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! அதுவரை அமெரிக்க ஊர்ப் பெயர்களைக் கேட்டே வளர்ந்தவர்கள் அவர்கள்.

ஏசி/டிசி சிட்னியில் பிறந்த பேண்ட். ஆனால் 1975இல் செயின்ட் கில்டாவுக்குக் கிழக்கே ஒரு வாடகை வீட்டில் கூட்டமாகத் தங்கி, மெல்பர்னின் பப்புகளில் விடாமல் வாசித்துத்தான் இறுகியது. 1976 பிப்ரவரி 23 அன்று ஒரு திறந்த லாரியின் மேல் ஏறி, ஸ்வான்ஸ்டன் தெருவில் பேக்பைப் வாத்தியங்களோடு வாசித்தபடி போனார்கள். தொலைக்காட்சிக்காக எடுத்த படம். வேடிக்கை பார்த்தவர்கள் அலுவலகத்தில் இருந்து வந்த சாதாரண ஆட்கள். அந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேறு காரணத்துக்காக வரும்.

எல்லாம் சத்தமும் வியர்வையும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. செயின்ட் கில்டாவில் கடற்கரைக்குப் பக்கத்தில், ஃபிட்ஸ்ராய் தெருவில் சீவ்யூ என்ற பெயரில் ஒரு பழைய பகட்டான ஹோட்டல் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் செல்வத்தில் கட்டியது, அப்போது தேய்ந்து போயிருந்தது. 1978 முதல் அதன் கூடங்களில் 'பங்க்' என்ற முரட்டு ராக் இசை இரவுகள் நடந்தன. மேலே இருந்த நடனக் கூடம்தான் கிரிஸ்டல் பால்ரூம். ஓவியக் கல்லூரி மாணவர்களும் வேலையில்லாத இளைஞர்களும் அங்கே திரண்டார்கள். நிக் கேவ் பாடிய தி பாய்ஸ் நெக்ஸ்ட் டோர் அங்கே வளர்ந்த பேண்ட். 1980இல் லண்டன் போய் தி பர்த்டே பார்ட்டி என்று பெயரை மாற்றிக்கொண்டது. பணக்காரர்கள் வால்ட்ஸ் ஆடக் கட்டிய கூடம், அவர்கள் கைவிட்டபின், வேறு எங்கும் இடம் கிடைக்காத பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்தது. வாடகை குறைந்த, பாழடைந்த பெரிய அறை. ஒரு நகரம் இசைக்குத் தரக்கூடிய மிக நல்ல பரிசு அதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. பின்னாளில் அந்தக் கட்டிடத்தில் அடுக்கு வீடுகள் வந்துவிட்டன.

1980களில் மையம் உள்நகரப் பேட்டைகளுக்கு நகர்ந்தது. ஃபிட்ஸ்ராய், காலிங்வுட், ரிச்மண்ட் எல்லாம் காலணி, துணி, பீர் தொழிற்சாலைகள் நிறைந்த இடங்கள். தொழிற்சாலைகள் மூடியதும், மதியமும் மாலையும் வந்து குடித்த தொழிலாளர்கள் இல்லாமல் முனைப் பப்புகள் தவித்தன. அங்கே குறைந்த வாடகைக்கு மாணவர்களும் இசைக்காரர்களும் குடியேறினார்கள். வெறிச்சோடிய பப் தன் பின் அறையை அவர்களுக்குத் திறந்தது. பிரன்ஸ்விக் தெருவில் 1987 முதல் பன்டர்ஸ் கிளப், எதிரே எவ்லின். காலிங்வுட்டில் டோட். வாரம் முழுக்கப் பாட்டு. ஒரு ராத்திரிக்கு மூன்று பேண்ட், முதல் பேண்ட் எட்டரைக்கு. 3ஆர்ஆர்ஆர் போன்ற சமூக வானொலிகள் எங்கே யார் வாசிக்கிறார்கள் என்று படித்துச் சொல்லும். பப் வாசலில் இலவச இசை வார இதழ்கள் கட்டுக் கட்டாகக் கிடக்கும். ஒரு 'பாட்' பீர், அதாவது 285 மில்லி, வாங்கிக்கொண்டு மூன்று பேண்டையும் கேட்டுவிட்டுக் கடைசி டிராமைப் பிடிக்கலாம்.

சரி, இது எப்படிக் கலைந்தது?

நகர விளிம்பின் பெரிய பப்புகள் முதலில் தளர்ந்தன. காரில் வந்து குடித்துவிட்டுக் காரிலேயே போகும் பழக்கத்தின் மேல் நின்ற வியாபாரம் அது. 1976இல் விக்டோரியா, சாலையில் யாரையும் நிறுத்தி மூச்சில் மது சோதிக்கும் முறையை நாட்டிலேயே முதலாகக் கொண்டுவந்தது. அது வரவர இறுகியது. அதைக் குறை சொல்ல மாட்டேன், எத்தனையோ உயிர்களைக் காத்த சட்டம் அது. ஆனால் பாட்டுக் கூட்டத்தின் ஒரு பகுதி வீட்டிலேயே தங்கிவிட்டது.

பெரிய அடி போக்கீஸ். காசு போட்டுப் பொத்தானை அமுக்கும் சூதாட்ட இயந்திரம். 1991இல் விக்டோரியா இதை அனுமதித்தது, அடுத்த வருடம் முதல் பப்புகளுக்குள் வந்தன. மாநிலம் முழுவதற்கும் காசினோவைத் தவிர்த்து 27,500 என்று ஓர் உச்சவரம்பு வைத்தார்கள். ஒரே இடத்தில் 105 வரை வைக்கலாம். ஒரு பேண்ட் வெள்ளி, சனி ராத்திரிகளில்தான் கூட்டம் சேர்க்கும். அதற்கு மேடை, ஒலிக்கருவி, அதை இயக்க ஆள், வாசலில் ஆள் எல்லாம் வேண்டும். இயந்திரம் செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கும் சம்பாதிக்கும், பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் என்று புகாரும் செய்ய மாட்டார். பின் கூடம் யாருக்குப் போகும் என்று சொல்லவா வேண்டும்? சன்னலை மறைத்து, தரையில் புதுக் கம்பளம் போட்டு, மேடை இருந்த இடத்தில் இயந்திரங்களை வரிசை கட்டினார்கள். முன்பு ராத்திரிகளில் ஊர் சேர்ந்து பாடிய அறையில் இப்போது ஒவ்வொருவராகத் தனியே உட்கார்ந்து திரையை வெறிக்கிறார்கள். அந்த அறைகளுக்குள் நுழையும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

சிட்னிக்கு இந்த அடி இன்னும் பலமாக விழுந்தது. அங்கே 1997இல் பப்புகளுக்கு முழுமையான போக்கீஸ் இயந்திரங்களை அனுமதித்தார்கள். அப்புறம் 2014இல் நகர மையத்தில் ராத்திரி ஒன்றரை மணிக்கு மேல் உள்ளே விடக்கூடாது, 3 மணிக்கு மேல் ஊற்றக்கூடாது என்ற சட்டம் வந்தது. 2020, 2021இல் அதை எடுத்தபோது பல கூடங்கள் மீளவே இல்லை. மெல்பர்னும் 2008இல் 2 மணிக்கு மேல் உள்ளே விடாத விதியை மூன்று மாதம் சோதித்துப் பார்த்துக் கைவிட்டது.

உள்நகரத்து முனைப் பப்புகள் வேறு விதமாக நெருக்கப்பட்டன. பாட்டும் கலையும் இருக்கும் பேட்டை என்று பெயர் வந்ததும் வாடகை ஏறியது. பழைய தொழிற்சாலைகள் அடுக்கு வீடுகளாயின. பாட்டுக்காக அந்தப் பேட்டையை விரும்பி வீடு வாங்கியவரே, படுக்கையறைக்குள் டிரம் சத்தம் வரும்போது நகராட்சிக்குப் புகார் எழுதினார். அப்போதைய விதிப்படி, நூறு வருடமாக நிற்கும் பப்தான் தன் சத்தத்தை அடக்கிக்கொள்ள வேண்டும், நேற்று வந்த குடியிருப்புக்கு ஒரு பொறுப்பும் இல்லை. 2007 ஜூலையில் பப்புக்குள் புகைக்கத் தடை வந்தது. பாடகர்களின் தொண்டைக்கும் பாரில் வேலை பார்ப்பவர்களின் நுரையீரலுக்கும் நல்லது. அதோடு புகைப்பவர்கள் எல்லாம் நடு ராத்திரியில் தெருவில் நின்று பேச ஆரம்பித்தார்கள். புகார்கள் கூடின. பன்டர்ஸ் கிளப் அதற்கு முன்பே, 2002இல், மூடிப் பீட்சா பாராக மாறியிருந்தது.

அடுத்து வந்ததுதான் எல்லாவற்றையும் வெடிக்க வைத்தது. நகர மையத்தில் குடிபோதைச் சண்டைகள் பெருகின என்று அரசாங்கம் மது உரிமங்களை இறுக்கியது. அப்போது நேரடி இசை நடக்கும் இடம் என்றாலே அபாயம் மிகுந்த இடம் என்று வகைப்படுத்திவிட்டார்கள். முதல் 100 பேருக்கு 2 காவலர்கள், அதற்கு மேல் ஒவ்வொரு 100க்கும் 1 காவலர், கண்காணிப்புக் கேமரா. பெரிய இரவு விடுதிக்கு இது பொருந்தலாம். ஞாயிறு மதியம் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து கிடார் மீட்டிப் பாட, முப்பது பேர் 'பார்மா' என்ற கோழி உணவைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்கும் பப்புக்கும் அதே விதி. காவலர் கூலி பாடகரின் கூலியைவிட அதிகம். சண்டைக்குக் காரணம் பாட்டு என்று யாரும் நிரூபிக்கவில்லை. பாட்டைக் கேட்க வருகிற கூட்டம்தான் அங்கே மிக அடக்கமான கூட்டம் என்பது அந்த அறைகளில் நின்றவர்களுக்குத் தெரியும்.

காலிங்வுட்டில் ஜான்ஸ்டன் தெருவும் வெலிங்டன் தெருவும் சந்திக்கும் முனையில் டோட் நிற்கிறது. பழைய பெயர் ஐவன்ஹோ ஹோட்டல். ஜான் ரென் என்பவர் 1890களில் இதே ஜான்ஸ்டன் தெருவில் சட்டத்துக்குப் புறம்பாக நடத்திய குதிரைப் பந்தயச் சூதாட்டக் கடையின் நினைவில் வந்த பெயர் டோட். சூதாட்டத்தின் பெயர் தாங்கிய பப், சூதாட்ட இயந்திரம் வைக்காமல் பாட்டை வைத்துப் பிழைத்தது. 2010 ஜனவரியில் அதை நடத்திவந்த புரூஸ் மில்ன், புதிய நிபந்தனைகளின் செலவைத் தாங்க முடியாது, மூடுகிறேன் என்று அறிவித்தார். சில நாளுக்குள் ஏறத்தாழ 2,000 பேர் அந்த முனையில் கூடித் தெருவை அடைத்தார்கள்.

அத்தோடு நிற்கவில்லை. பிப்ரவரி 23. லாரியில் ஏசி/டிசி போன அதே தேதி, 34 வருடம் கழித்து. மாநில நூலகத்தின் முன்னால் கூடி, நாடாளுமன்றப் படி வரை ஊர்வலம் போனார்கள். போலீஸ் கணக்கில் 10,000 பேர், ஏற்பாட்டாளர்கள் கணக்கில் 20,000. வேலை நாள் மாலையில், பப்பில் பாட்டு வேண்டும் என்பதற்காக அத்தனை பேர் தெருவுக்கு வந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள், 1970களில் கூடங்களில் நின்ற நரைத்த தலைகளும் இருந்தன. ஊர்வலத்துக்கு முந்தைய நாளே அரசாங்கம் பேச்சுக்கு இறங்கி, பாட்டை அபாயத்தோடு முடிச்சுப் போடும் விதியைத் தளர்த்த உடன்பட்டுக் கையெழுத்திட்டது. ஜூன் மாதம் டோட் வேறு கைகளில் மீண்டும் திறந்தது.

அந்த வேகம் இன்னொரு மாற்றத்துக்கு வழி விட்டது. 2014 செப்டம்பரில் விக்டோரியாவின் கட்டிட அனுமதி விதிகளில் ஒரு பிரிவு சேர்ந்தது. மாற்றத்தைக் கொண்டுவருபவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். இருக்கிற இசைக் கூடத்திலிருந்து 50 மீட்டருக்குள் புதிதாக வீடு கட்டுகிறவர், இரட்டைக் கண்ணாடி, கனத்த சுவர் என்று ஒலித்தடுப்பைத் தானே செய்ய வேண்டும். அதேபோல வீடுகள் இருக்கும் இடத்தில் புதிதாக இசைக்கூடம் திறப்பவர், அவர்களுக்குத் தொந்தரவு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். யார் முதலில் இருந்தார் என்று பார்ப்பது நம் கிராமத்துப் பஞ்சாயத்துகூடச் சொல்லும் நியாயம். அது சட்டமாக அத்தனை வருடம் ஆயிற்று. 2018இல் இங்கிலாந்தின் நகரத் திட்டக் கொள்கையிலும் இதே கோட்பாடு இடம்பிடித்தது.

அதனால் எல்லாம் மீண்டுவிட்டது என்று சொல்ல முடியாது. விதி சத்தப் புகாரைத்தான் தடுக்கும், நில விலையைத் தடுக்காது. கோவிட் காலத்தில் மெல்பர்ன் மொத்தம் 262 நாள் ஊரடங்கில் கிடந்தது. அந்த நாட்களில் காலியான அறைகளின் வாடகைக் கணக்கு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. செயின்ட் கில்டா கடற்கரையை நோக்கி நிற்கும் எஸ்பி, 1878இல் கட்டிய எஸ்பிளனேட் ஹோட்டல், அடுக்குமாடித் திட்டங்களை எதிர்த்து ஊரார் பல வருடம் போராடியதால் நின்றது. 2015இல் மூடி, 2018 கடைசியில் புதுப்பொலிவோடு திறந்தது. அழகாக இருக்கிறது. பழைய அழுக்குக் கம்பளத்தைத் தேடுகிறவர்களுக்குக் கொஞ்சம் அதிகப்படியான அழகு. ஆனால் அதன் கெர்ஷ்வின் அறையில் இன்னும் பாட்டு நடக்கிறது, எனக்கு அது போதும். குரோக்ஸ்டனிலும் மறுபடி பேண்டுகள் வாசிக்கின்றன.

டோட் 2023இல் விற்பனைக்கு வந்தது. கட்டிடம் அமைந்த இடத்தின் மதிப்பைப் பார்த்தால் யார் வாங்குவார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்தது. நகரின் இன்னொரு சின்ன ராக் பாரை நடத்திவந்தவர்கள், பாட்டுக் கேட்கிற சனங்களிடமே கையேந்தினார்கள். 30 லட்சம் டாலர் சேர்ந்தது. கட்டிடத்தை ஓர் அறக்கட்டளையின் கீழ் வைத்து, என்றைக்கும் இசைக்கூடமாகவே இருக்கச் செய்வது என்ற வாக்குறுதியை நம்பிக் கொடுத்த பணம் அது.

முதலில் சொன்ன கார்னர் ஹோட்டலுக்கு வருகிறேன். 2002 ஜனவரியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து இரண்டு பேர் பேண்டான தி வைட் ஸ்ட்ரைப்ஸ் அங்கே வாசிக்க வந்தது. கூட்டம் வருவதற்கு முன்னால் ஒலிச் சரிபார்ப்பு நேரம். காலியான அறை, முந்தைய ராத்திரியின் பீர் வாடை. அந்த இருவரில் ஒருவரான ஜாக் வைட் கிடாரைச் சோதிக்கும்போது கையில் ஒரு ரிஃப் வந்தது, ஏழே ஸ்வரம். அருகில் இருந்த நண்பரிடம் வாசித்துக் காட்டினார். பரவாயில்லை என்றாராம் அவர். அடுத்த வருடம் அது 'செவன் நேஷன் ஆர்மி' ஆனது. ஐரோப்பாவின் கால்பந்து மைதானங்களில் வார்த்தையே இல்லாமல் ஆயிரக்கணக்கானவர்கள் இன்றைக்கும் ஒரே குரலில் முழங்குவது அந்த மெட்டைத்தான்.